கடிபட்டவருக்கு எதுக்கு வலை?

மகளைப் பார்க்க வந்த மாமியாரின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கொசுவலைதான்.

வலைக்குள்ளே கட்டிலில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மாப்பிள்ளை. வெளியே கூடத்தில், ஆறு மாத வயிற்றோடு கையால் கொசு விரட்டிக்கொண்டு மகள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"வீட்டுல எத்தனை வலைடி இருக்கு?"

"ஒண்ணுதாம்மா. ஊர் முழுக்கக் காய்ச்சல். எந்தக் கடையிலயும் வலை இல்லை, நாளைக்குத்தான் வருமாம்."

"இருக்கற ஒண்ணையும் அவரே வெச்சுக்கிட்டாரா?"

"அவருக்கு மலேரியாம்மா."

"அதைத்தான் கேக்கறேன். கொசு கடிச்சாச்சு, காய்ச்சலும் வந்தாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? கடிபட்டவருக்கு எதுக்கு வலை?"

மகளுக்கும் அது தெரியவில்லை. "டாக்டர் சொன்னாராம். ஏன்னு இவர்கிட்ட நானும் கேட்டேன், சிரிச்சு மழுப்பிட்டார்."

மாமியாருக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. நேரே கட்டிலருகே போய் நின்றார்.

"மாப்பிள்ளை, உங்களை மறுபடியும் கொசு கடிச்சா காய்ச்சல் ரெட்டிப்பாகுமா?"

"அப்படியெல்லாம் இல்லை அத்தை."

"பின்னே வலை எதுக்கு?"

மாப்பிள்ளை, கதவோரம் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "சும்மாதான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சும்மாவாம்! தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். இந்த மனுஷனுக்குக் கட்டின பெண்டாட்டிக்குக்கூட மிஞ்சவில்லையே என்று மாமியாருக்கு ஆத்திரமாக வந்தது.

பொழுது சாய்ந்தது. மாப்பிள்ளை குளியலறைக்குப் போன சமயம் பார்த்து, மாமியார் வலையை அவிழ்த்தார். கூடத்துக் கட்டிலுக்கு மேலே கட்டினார். "வேண்டாம்மா" என்ற மகளை உள்ளே தள்ளி, ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகினார்.

வெளியே வந்த மாப்பிள்ளை தன் வெறும் கட்டிலைப் பார்த்தார். கூடத்து வலையைப் பார்த்தார். போர்வையையும், தான் ஓட்டும் வேனின் சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ரோஷத்தைப் பாரேன்!" என்றார் மாமியார்.

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் காய்ச்சல்காரர். பின்னாலேயே போனார்.

வாசலில் நின்ற வேனில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. உள்ளே தெப்பமாக வியர்த்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை.

மாமியார் கண்ணாடியைத் தட்டினார். "கோபமிருந்தா என்னைத் திட்டுங்க மாப்பிள்ளை. இப்படிப் புழுக்கத்துல வேகாதீங்க. கண்ணாடியையாவது இறக்குங்க!"

ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கண்ணாடி இறங்கியது.

"கோபமே இல்லை அத்தை. அவளுக்கு வலை கட்டினீங்களே, அதுவும் நல்லதுதான். நான்தான் கொசு கண்ணுல படக்கூடாது."

"ஏன்?"

"கொசுவுக்கே இந்தக் கிருமி மனுஷன்கிட்டேருந்துதான் தொத்துமாம். மருந்து முடியற வரைக்கும் என் ரத்தத்துல அது இருக்கும். இன்னைக்கு என்னைக் கடிக்கற கொசு, அதைத் தன் வயித்துல வளர்த்துக்கிட்டு, பத்து நாள் கழிச்சு அவளைப் போய்க் கடிச்சா, பிள்ளைக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னார். அவகிட்ட சொல்லிடாதீங்க அத்தை, பயந்துடுவா" என்றவர், அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.