மூன்றாவது அறையின் மெட்டு

“இருபத்தெட்டு நிமிஷம்! நாலு நிமிஷத்துல தாண்ட வேண்டிய அறைம்மா இது. இருபத்தெட்டு நிமிஷமா அங்கேயே நிக்கிறாங்க!”

மேலாளர் தன் கைக்கடிகாரத்தை மெட்டுக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மெட்டுக்காரி என்பது அலுவலகம் வைத்த பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் இசை முழுக்க அவள் பொறுப்பு. நிரல் எழுதுவது அவள் கணவன். மூன்று மாதமாக வீட்டிலும் அவர்களுக்கு இதே பேச்சுதான்.

இன்றைக்குச் சோதனை நாள். லாரி டிரைவர், நர்ஸ் என்று கேமை இதுவரை கண்ணால் பார்த்திராத ஐந்து பேரை வரவழைத்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து விளையாடச் சொல்லியிருந்தார்கள். எல்லார் காதிலும் ஹெட்போன். ஆட்டம் முடிகிற வரை யாரும் அவர்களிடம் மூச்சு விடக் கூடாது. இந்தப் பக்கம் இருந்தபடி அவர்கள் முகத்தையும் திரையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சோதனையில் அதுதான் முறை.

கேமில் ஒவ்வொரு அறையிலும் சாவியைத் தேடிக் கதவைத் திறந்தால் அடுத்த அறை. முதல் இரண்டு அறைகளை ஐந்து பேரும் மளமளவென்று தாண்டிவிட்டார்கள். மூன்றாவதில் வந்து நின்றவர்கள் நின்றவர்கள்தான். சாவியைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் ஒருவர் கூட கதவுப் பக்கம் போகிற வழியைக் காணோம்.

“அந்த லாரி டிரைவரைப் பாருங்க. கண்ணை மூடிட்டார். தூங்கியே போயிட்டார்!”

“இப்பதான் சார் அறையை ஒரு சுத்து சுத்தி வந்தார்...”

“சுத்திட்டுத் தூங்குறார். அந்தப் பக்கம் நர்ஸம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. விளையாட வந்தவங்களை அழ வைக்கிறதுக்கா நாம கடை விரிச்சிருக்கோம்?”

மூன்றாவது அறைக்காக அவள் பத்தொன்பது தடவை போட்டு, பதினெட்டைக் கிழித்தெறிந்து, கடைசியில் மிஞ்சிய மெட்டு அது. இதுவரை தான் போட்டதிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். அதனாலேயே அவளுக்குப் பயம் இரண்டு மடங்காக இருந்தது.

“முதல் ரெண்டு அறையிலயும் துள்ளலா ஒரு பாட்டு. ஜம்முனு போனாங்க. இங்க உங்க இழுவையைக் கேட்டு மூளை மரத்துப் போச்சு, எதிர்ல இருக்கிற கதவு கண்ணுக்குத் தெரியலை. நேத்தே சொன்னேன்லம்மா? இது சரியா வரலைன்னா வெளியில ரெடிமேடா கிடைக்கிற இசையை வாங்கிப் போட்டுடுவோம். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இல்லை. முகத்துக்கு நேரா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.”

முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. லாரி டிரைவர் கண்ணைத் திறக்கிற பாடாக இல்லை.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த கணவன் திரும்பினான். “அறையில வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாப்போமா சார்?”

“வெளிச்சமெல்லாம் வேணாம். அந்தப் பாட்டை நிறுத்துங்க.”

“நடு ஆட்டத்துலயா?”

“நடு ஆட்டத்துலதான். குத்தம் யார் மேலன்னு இப்பவே தெரிஞ்சிடும்.”

கணவன் கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். “என்ன பண்ணட்டும், சொல்லு.”

“நிறுத்திடுங்க. என் மேலதான் தப்புன்னா அதுவும் தெரிஞ்சிட்டுப் போகட்டுமே.” அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் ஒரு விசையைத் தட்டினான். இந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து தலைகளும் நிமிர்ந்தன. லாரி டிரைவர் கண்ணைத் திறந்தார். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கதவுக்குப் போய்ச் சாவியைப் போட்டார். அடுத்தவர், அதற்கடுத்தவர். இரண்டே நிமிடத்தில் ஐந்து பேரும் நான்காவது அறையில் இருந்தார்கள்.

“பாத்தீங்களா!” மேலாளர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “பாட்டு போச்சு, வழி தெரிஞ்சிடுச்சு! நான் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க.”

அவள் தன் ஹெட்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். கணவனும் எழுந்தான்.

“இரு, நானும் வரேன். இங்க எனக்கு மட்டும் என்ன?”

“நீங்க பேசாம உக்காருங்க. ரெண்டு பேரும் வேலையை விட்டா வீடு எப்படி ஓடும்?”

சோதனை முடியும் நேரம். கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததை அடக்கியபடி அவள் நடைவழிக்கு வந்தபோது, விளையாடியவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டே எதிரே வந்தார்கள். கைகுலுக்கி வழியனுப்ப மேலாளரும் வந்து நின்றார்.

லாரி டிரைவர் அவளைத்தான் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?”

“இன்னிக்கு வரைக்கும்ணா.”

“அந்த மூணாவது அறையில ஏதோ கோளாறு இருக்கு, கொஞ்சம் சரி பண்ணச் சொல்லுங்க.”

மேலாளர் முந்திக்கொண்டார். “கதவு தெரியலை, அதானே? அதைத்தான் இவ்வளவு நேரமா நானும் கத்திக்கிட்டிருக்கேன்!”

“கதவு உள்ள நுழைஞ்சதுமே தெரிஞ்சிடுச்சு சார்,” என்றார் லாரி டிரைவர். “அதைத் திறந்தா அந்தப் பாட்டு போயிடுமேன்னுதான் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன், இவங்க நாலு பேரும் அப்படித்தானாம். பாதியில பாட்டு நின்னு போச்சு, அப்புறம் எங்களுக்கு அங்க என்ன வேலை?”