பெடல் மிதிக்க ஒரு ஆள்

ஸ்பேனரைக் கால் சுற்றுதான் திருப்பினான்.

பின்சக்கரத்து பிரேக்கில் காற்றை வெளியே விடும் நிப்பிள் இளகி, ஆயில் கசிந்தது. எழுந்து போய் பெடலை நாலைந்து தடவை மிதித்து விட்டான். உள்ளே காற்று புகுந்துகொண்டது.

நிப்பிளை மறுபடி இறுக்கினான்.

தெரிந்தேதான் செய்தான்.

முந்தாநாள் அந்தக் காற்றையெல்லாம் எடுத்து முடித்தவனும் அவனேதான். தனி ஆளாக, பெடல் மிதிக்க இன்னொரு ஆள் தேவைப்படாத, கடையில் வாங்கிய ஒரு வால்வுக் குழாயை மாட்டி, நான்கு சக்கரத்திலும். கடைசி வேலை அது. அதோடு கார் முடிந்தது.

முடிந்தே போய்விட்டது. அதுதான் சிக்கல்.

மூன்று வருஷம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு பழைய வேனின் அடிச்சட்டத்தின் மேல், நான்கு பேர் சேர்ந்து, நான்கு சீட் வைத்து, சிங்காநல்லூரில் எவனிடமும் இல்லாத ஒரு திறந்த கார். என்ஜினுக்கு அவன். வெல்டிங்குக்குத் திருமூர்த்தி. வயரிங்குக்கு ஆரோக்கியராஜ். பெயிண்ட் அடிக்கவும் வாயடிக்கவும் சர்புதீன். ஞாயிறு தவறியதில்லை.

அவரவர் வேலை முடிந்தது. அவரவர் நின்றுகொண்டார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றாலாவது போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். ஒருவனுக்கு ஓசூருக்கு மாற்றல். ஒருவன் வீடு கட்டுகிறான். ஒருவனுக்கு ஒரு காரணமும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான்.

இவன் தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் மிக்ஸி சத்தம்கூடக் கேட்காது.

சும்மா வாங்கடா என்று கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. கண்டிப்பா மாப்ள என்பார்கள். நல்ல கண்டிப்பு!

முடிந்த காரைப் படம் எடுத்து குரூப்பில் போட்டான். மூன்று கட்டைவிரல் வந்தது. எப்ப ஓட்டலாம் என்று ஒருத்தன் கேட்கவில்லை.

வேலை என்றால் வருவார்கள். வேறு மாதிரி வர அவர்களுக்குத் தெரியாது. வேறு மாதிரி கூப்பிட இவனுக்கும் தெரியாது.

அதனால்தான் இன்று ஸ்பேனரை எடுத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. எடுத்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு குரூப்பில் எழுதினான். பின் பிரேக்ல ஏர் புகுந்திருச்சு. பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும்டா.

கீழே ஒருவன் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும், மேலே ஒருவன் மிதிக்க வேண்டும். அப்படித்தான் எப்போதும் செய்திருக்கிறார்கள். அவனிடம் வால்வுக் குழாய் இருப்பது எவனுக்கும் தெரியாது. அதைச் சுருட்டி ஒரு பழைய பேண்டுக்குள் திணித்து, அலமாரிக்கு அடியில் தள்ளினான்.

நீல டிக் விழுந்தது.

ஆயில் டப்பாவை எடுத்து வைத்தான். கொட்டகையைப் பெருக்கினான். பெருக்கிய இடத்தையே இன்னொரு தடவை பெருக்கினான்.

பதினொன்றேகாலுக்கு வாசலில் பைக் சத்தம்.

சர்புதீன். தொப்பை போட்டிருந்தான். வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினான். பன்னிரண்டு மணிக்குப் பாப்பாவை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டிப் போகணும், சட்டுபுட்டுன்னு முடி என்றான்.

சரி சரி என்று இவன் சக்கரத்தடியில் படுத்தான். நிப்பிளில் ஒரு சாதா டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டான்.

மிதி. பிடி. விடு.

டியூபில் குமிழ் குமிழாக வந்தது.

மிதி. பிடி. விடு.

சர்புதீன் பேசிக்கொண்டே மிதித்தான். புது மேனேஜர் சரியான இம்சை. மாடியேறினால் முட்டி வலிக்கிறது. மச்சான் வாங்கிய ஆட்டோ ஓடியதை விட ஷெட்டில் கிடந்ததுதான் அதிகம். இவன் கீழே படுத்தபடி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். ஆட்டோ கதைக்கு வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை மாசமாயிற்று சிரித்து! கன்னத்தில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

பதினாறாவது மிதியில் குமிழ் நின்றது.

டியூபில் சுத்தமான ஆயில். இன்னொரு மிதி பார்த்தான். சுத்தம். போதும் என்று சொல்ல வேண்டியதுதான்.

"இன்னும் வருதுடா" என்றான்.

மேலே பேச்சு நின்றது.

ஐயோ என்றிருந்தது இவனுக்கு. காற்று போனதும் பெடல் கல்லாக நிற்கும். கீழே இருப்பவன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மிதிக்கிறவன் காலுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் இந்த வேலை செய்தவனுக்கு அது எப்படி மறந்தது?

அசையாமல் கிடந்தான். சர்புதீன் கீழே இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். இறங்குவான். குனிந்து பார்ப்பான். என்னடா இது என்று கேட்பான்.

சீட் மட்டும் ஒரு தடவை கிறீச்சிட்டது.

பிறகு போனில் மனைவியிடம் பேசும் குரல் கேட்டது.

"ரஹ்மத்து, நீயே போய்ப் பாப்பாவக் கூட்டிக்க. இங்க ஏர் இன்னும் நிக்கல."

கால் மறுபடி பெடலுக்கு வந்தது.

மிதி என்றான் இவன்.