கழிக்காத இரண்டு தட்டுகள்

"ஆறாம் தட்டையும் ஒன்பதாம் தட்டையும் கணக்குல சேர்க்க வேண்டாம், மிலோய்கா. அதுல இருக்கிற செல்லெல்லாம் நோஞ்சான்."

யெர்னேயாவின் குரலில் பாதி கெஞ்சல், பாதி அதட்டல்.

கால்களை மெல்ல மெல்ல முடக்கும் ஒரு மூளை நோய்க்குப் புது மருந்து. நரம்புகளைத் தாங்கி நிற்கும் உதவி செல்களுக்குள் ஓயாமல் ஊரும் நுண்பைகளை அது மட்டுப்படுத்த வேண்டும். மட்டுப்படுத்தினால் மருந்துக்கு வெற்றி, யெர்னேயாவுக்கு முனைவர் பட்டம்.

பன்னிரண்டு தட்டுகளில் எதில் மருந்து, எதில் வெறும் உப்புநீர் என்பது ஊற்றிய ஆய்வக உதவியாளர் மிலோய்காவுக்கு மட்டுமே தெரியும். நுண்பைகளை எண்ணுகிற யெர்னேயாவுக்குத் தெரியக் கூடாது. லுப்லியானாவின் அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் வழக்கம்.

"எண்ணுற வரைக்கும் நல்லா இருந்த செல்லு, எண்ணி முடிச்சதும் நோஞ்சான் ஆயிடுச்சா?" என்றாள் மிலோய்கா.

"அந்த ரெண்டுல மட்டும் தாறுமாறா ஓடுது. அதை விட்டா மத்தது சிலது மெதுவா, சிலது வேகமான்னு சரியா பிரியுது!"

"அம்மா தாயே, அதனாலதான் விடக் கூடாதுங்கறேன்."

யெர்னேயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நுண்பை ஓடினா உங்களுக்கென்ன, நின்னா உங்களுக்கென்ன? மாசம் பொறந்தா சம்பளம். மூணு வருஷமா இருட்டறையில கண்ணைக் கெடுத்துக்கிட்டவ நான். எல்லாருக்கும் குடுக்க கிரெம்ஷ்னிட்டா கேக் கூட வாங்கி வெச்சிட்டேன்!"

மிலோய்கா, எந்தத் தட்டில் எது என்று எழுதி மூடி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பட்டியலை மேசையில் வைத்தாள்.

ஆறு, மருந்து. ஒன்பது, மருந்து. இரண்டிலும் நுண்பைகள் சந்தைக்குப் போகிற மாதிரி ஓடியிருந்தன. சேர்த்துப் பார்த்தால் மருந்துக்கும் உப்புநீருக்கும் வித்தியாசமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். நான் தோத்ததுல இப்ப திருப்தியா?"

யெர்னேயா அழுதே விட்டாள். கல்நெஞ்சக்காரி என்று அவள் முணுமுணுத்தது மிலோய்காவின் காதிலும் விழுந்திருக்கும்.

மிலோய்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, குளிர்பெட்டியிலிருந்து வேறொரு மருந்துப் புட்டியை எடுத்தாள். பெயர் எழுதி ஒட்டினாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கே வந்துடு, இதைப் பார்ப்போம். என் வீட்டுக்காரருக்கு இடது கால் போன மாசமே விழுந்துடுச்சு. வலது கால் போறதுக்குள்ள நிஜமாவே கேட்கிற மருந்து ஒண்ணு வேணும்."