பின்னாடி பாக்ஸ்

"அண்ணா, அவங்க ரெண்டு பேரும் இன்னா சொன்னாலும் காதுல வாங்காதீங்க. அஞ்சு ஸ்பீக்கர் பாக்ஸையும் கழட்டிப் போட்டுட்டு, டிவிக்குக் கீழ ஒரே ஒரு சவுண்ட்பாரை வெச்சுட்டு வந்துடுங்க."

போன்ல பேசினது சௌமியா. காலடிப்பேட்டையில இருக்கிற அவங்க அம்மா அப்பா வீட்டுல வேலை.

"ஒயர் தடுக்கி அப்பா விழுந்துட்டாரு. அதாச்சும் பரவால்ல. செத்துப்போன என் தம்பி பின்னாடி பாக்ஸ்லேர்ந்து பேசுறான்னு ரெண்டு பேரும் உக்காந்து பதில் சொல்லிகினு கீறாங்க. பைத்தியம் முத்துறதுக்குள்ள எடுத்துடுங்க."

சரிதான், பேய் ஓட்டுறதும் இனிமே இந்த ஷாரிக்கோட சவுண்ட் சிஸ்டம் சர்வீஸ்ல சேர்த்தின்னு நெனச்சுக்கிட்டேன்.

மாடியேறிப் போய்ப் பார்த்தா, கட்டில் போட்டா நடக்க இடமில்லாத ஹாலு. அதுல அஞ்சு பாக்ஸு, ஒரு வூஃபரு, தரை பூரா ஒயரு. எவன்யா மாட்டினதுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

"எங்க விமல் மாட்டினது பா," சொன்னாங்க அந்தம்மா, புஷ்பவல்லி. "காட்டுப்பள்ளி ஹார்பருக்கு வேலைக்குப் போறப்ப கன்டெய்னர் லாரிக்காரன் அடிச்சுட்டான். இத்த மாட்டின அன்னிக்கு மைக்கைப் புடிச்சுகினு, ஒவ்வொரு பாக்ஸா, 'யம்மா கேக்குதா? நைனா கேக்குதா?'ன்னு ஒரே அலப்பற."

அவங்க வீட்டுக்காரர் தாமோதரன் மூலையில உக்காந்திருந்தாரு.

நாலு பாக்ஸையும் வூஃபரையும் மளமளன்னு கழட்டிட்டேன். பின்னாடி சுவர்ல இருந்த கடைசி பாக்ஸ் மேல கை வெச்சேன்.

"அத்தத் தொடாத!"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினாங்க. கை தானா பின்னாடி வந்துடுச்சு.

அப்பத்தான் பார்த்தேன். அந்த பாக்ஸுக்கு முன்னாடி, பலகையில ஒரு கிளாஸ் டீ. ஆவி பறக்குது.

"யாருக்கும்மா இது?"

அந்தம்மா கிளாஸை இன்னும் கொஞ்சம் பாக்ஸ் பக்கம் நகர்த்தி வெச்சாங்க.

எட்டிப் பார்த்தேன். ஒயரை எலி கடிச்சுத் துண்டாக்கியிருந்துச்சு. உப்புக்காத்துல உள்ள எல்லாம் துருப்பிடிச்சுக் கொட்டிப் போச்சு. இதுலேர்ந்து ஒரு முனகல் கூட வராது.

பேசாம டிவிக்குப் பின்னாடி தலையை விட்டு சவுண்ட்பார் ஒயரைச் சொருகிட்டு, பழக்க தோஷத்துல சத்தமா ஒரு குரல் குடுத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குதுடா கண்ணு."

"கேக்குது ராஜா, நல்லா கேக்குது."

தலையைத் தூக்கினேன். ரெண்டு பேருமே என்னைப் பார்க்கல. டிவியைப் பார்க்கல. பின்னாடி திரும்பி, அந்த பாக்ஸைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

சவுண்ட்பாருக்கு நான் இன்னும் சுவிட்சே போடல.

யா அல்லா! இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் கேக்கலையா? சௌமியா சொன்னது சரிதான், பாக்ஸைப் பிடுங்கிக்கிட்டு ஓடிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அதுக்குள்ள அந்தம்மா சமையல்கட்டுலேர்ந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க. போனேன். காதுகிட்ட வந்து பேசினாங்க.

"அது செத்த பாக்ஸுன்னு எனக்குத் தெரியும் பா. எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல. அவருக்குத்தான் கேக்குது."

"அப்போ நீங்க பேசினது?"

"புள்ள போனதுலேர்ந்து சோறு தண்ணி இல்லாம கடலாண்ட கல்லு மேல போய் நின்னுகினு இருந்தாரு. எந்த அலை வந்து இழுத்துக்கினு போவுமோன்னு எனக்கு வயித்துல நெருப்பு. ஒரு நாளு அந்த பாக்ஸையே வெறிச்சுப் பாத்துகினு இருந்தாரு. 'கேக்குதா?'ன்னேன். 'கேக்குது'ன்னாரு. அன்னிக்குத்தான் தட்டுல கை வெச்சாரு. எனக்குக் கேக்கலன்னு சொன்னா மறுபடி கல்லாண்ட போயிடுவாரு. அத்த வுட்டுடு பா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

தலையாட்டிட்டு, சவுண்ட்பாருக்கு சுவிட்சைப் போட்டுக் காட்டிட்டு, சாமானை எடுத்துக்கிட்டு இறங்கினேன்.

வூஃபரைத் தூக்கிக்கிட்டு தாமோதரனும் கூடவே இறங்கி வந்தாரு. கீழ வந்ததும் ஒரு தரம் மேல பார்த்துக்கிட்டாரு.

"அந்த பாக்ஸை வுட்டுட்டு வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் பா. எனக்கு அதுல ஒரு எழவும் கேக்காது. அவளுக்குத்தான் கேக்குது."

வூஃபரைக் கீழ வெச்சுட்டு, குரலைத் தாழ்த்தினாரு.

"பையன் போனதுலேர்ந்து அவ வாயே தொறக்கல பா. ஊமையாட்டம் உக்காந்துகினு இருந்தா. ஒரு நாளு திடீர்னு அந்த பாக்ஸைப் பாத்து, 'கேக்குதா?'ன்னு என்னைக் கேட்டா. எத்தினி நாளு கழிச்சு வந்த பேச்சு! இல்லன்னு எப்படிப்பா சொல்றது? கேக்குதுன்னேன். உடனே எழுந்து போய் எனக்குச் சோறு போட்டா. அன்னிலேர்ந்து நானும் சேர்ந்து பேசிகினு கீறேன்."

மேல ஜன்னல்கிட்ட அந்தம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. இவரு வீட்டுக்குத் திரும்புறாரா, கடல் பக்கம் போறாரான்னு பார்க்கிற பார்வை.

ரெண்டு பேர்ல யார்கிட்ட உண்மையைச் சொன்னாலும், ரெண்டு பேரும் உடைஞ்சு போயிடுவாங்க.

போன் அடிச்சுது. சௌமியா.

"எல்லாம் எடுத்துட்டீங்களாண்ணா?"

"நாலு எடுத்துட்டேன்மா. பின்னாடி பாக்ஸ் ஒண்ணை மட்டும் வெச்சுட்டேன்."

"அய்யோ, அதைத்தானே முக்கியமா எடுக்கச் சொன்னேன்! ஏண்ணா, அதுல நெஜமாவே எதனா கேக்குதா இன்னா?"

தாமோதரன் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. மேல ஜன்னல்ல அந்தம்மா.

"கேக்குதும்மா," என்றேன். "நல்லாவே கேக்குது."