மட்டி ஏறிய வழி

குழாயைப் பிளந்ததும் அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம்.

உப்பங்கழியின் அடியில் செருகி எடுத்த பிவிசி குழாய் அது. படகுப் பலகையில் வைத்து நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே இருந்த சேறு கொஞ்சமும் குலையாமல் வந்திருந்தது.

என் ஆராய்ச்சியே இந்தச் சேறுதான். கழிக்கு அடியில் கிடக்கிற புழு பூச்சிக்கெல்லாம் தன் மகள்தான் டாக்டர் என்று மரக்காணம் மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் அப்பா. இன்றைக்குப் படகு ஓட்டவும் அவரேதான் வந்தார்.

கீழே கறுப்புச் சேறு. அதற்கு மேல் ஒரு சாண் வெள்ளை மணல். அதற்கும் மேல் மறுபடி சேறு.

நடுவில் இருப்பது சுனாமி கொண்டுவந்து கொட்டிய மணல் என்றேன். அதற்கு முன்னால் மட்டியும் நத்தையும் புழுவுமாக அடிச் சேறு நிறைந்து கிடந்தது, இத்தனை வருஷம் ஆகியும் அதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை என்றேன். அப்பா ‘உம்’ கொட்டிக்கொண்டே கேட்டார். அவர் கேட்கக் கேட்க என் வாய் நிற்கவில்லை.

மணலின் நடுவே ஒரு மட்டி, ஓடு இரண்டும் மூடியபடி. அதற்குக் கீழே, கறுப்புச் சேறு வரைக்கும், மெல்லிய கோடு ஒன்று.

அது மட்டி ஏறி வந்த வழி என்றேன். மேலே வந்துவிடலாம் என்று முட்டி முட்டி ஏறியிருக்கிறது, பாதியில் முடியாமல் போய்விட்டது. இப்படி ஒரு தடம் கிடைப்பது அபூர்வம் என்று சொல்லிக்கொண்டே, போட்டோ எடுக்க மொபைலைத் தேடினேன்.

“அப்போ மண்ணு மூடுனதும் சாவலியா அது?” என்றார் அப்பா.

இல்லை, ஒரு நாள் முழுக்கக்கூட உயிரோடு இருந்திருக்கும் என்றேன். சந்தோஷமாக வேறு சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ச்சே, என்ன ஜென்மம் நான்.

உப்பு வேலை இல்லாத மார்கழியில் அம்மா இந்தக் கழிக்குத்தான் மட்டி எடுக்க வருவாள். சுனாமி வந்த அன்றைக்கும் வந்திருந்தாள். எனக்கு அப்போது ஐந்து வயது.

அலை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்து, அப்பா கூனிமேடு வரைக்கும் கரையோரமாகத் தேடினார். அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். கடைசியில் அவள் கிடைத்தது இங்கேதான், கழியோரத்து மணலுக்குள்.

அலை அடித்த அடியிலேயே அம்மா போய்விட்டாள், அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று அப்பா சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

அதைத்தான் நான் இப்போது உடைத்துப் போட்டுவிட்டேன்.

மட்டிக்கும் மனுஷருக்கும் சம்பந்தமே இல்லை என்று அவசர அவசரமாகச் சொன்னேன். மனுஷருக்கு மூச்சு நின்றால் ரெண்டு மூணு நிமிஷம்தான், வலிகூடத் தெரியாது என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

அப்பா தலையாட்டினார். மட்டியைத் தொடாமல், அந்தக் கோட்டின் மேல் மட்டும் விரலை வைத்தார்.

“உங்கம்மாவுக்குக் கை ரெண்டும் மேல தூக்கினாப்பல இருந்துச்சு பாப்பா. உனக்குத் தெரிய வேணாம்னு, ஆளுங்க வர்றதுக்குள்ள நான்தான் மடக்கி வெச்சேன்.”