தனக்குத்தானே போட்ட கையெழுத்து

"சர்ட்டிபிகேட் இருக்குதா, சாமி?"

கம்ப்யூட்டர் வேலை கேட்ட அன்று முதலாளி சின்னுசாமி மதுமதியிடம் கேட்ட கேள்வி அது. ஒன்பதாவதோடு நின்றவளிடம் என்ன இருக்கும்? சங்ககிரி லாரி ஆபீசில் டீயும் துடைப்பமும்தான் அவளுக்கு வாய்த்தன. போன மாதம் சர்ட்டிபிகேட் ஃபைலோடு வந்த சந்தோஷ்குமார் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

இன்றைக்கு ஆபீசே குழம்பிக் கிடந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எடப்பாடி வீட்டிலிருந்தே பார்க்க முதலாளி ஒரு பெட்டி மாட்டியிருந்தார். தினமும் திரையில் சிவப்பாக ஏதோ எச்சரிக்கை வரும், அதைத் தள்ளிவிட்டுத் திறப்பார். இன்று திறக்கவே இல்லை, நேரில் கிளம்பி வந்துவிட்டார். சந்தோஷ்குமார் வயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, 'சிக்னல் இல்லை' என்று வெளியே நழுவிவிட்டான்.

சின்னுசாமி பெட்டிக் கம்பெனிக்காரரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, என்னமோ சர்ட்டிபிகேட் சரியில்லைன்னு காட்டுதுங்க."

"ஆமாங்க. பெட்டி தான் யாருன்னு காட்டோணுமில்லீங்க? அப்பத்தான் போற வர்ற சேதியெல்லாம் மத்தவங்களுக்குப் புரியாத எழுத்தாப் போகும்."

"பெட்டிக்குச் சர்ட்டிபிகேட்டா? அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுதுங்க?"

மதுமதி சிரிப்பை அடக்கினாள். மற்றவர்களுக்குப் புரியாத எழுத்து அவளுக்குத் தெரியும். டீத் தட்டுக்கு அடியில் ஒளித்திருக்கும் நோட்டில் அவள் அப்படித்தான் எழுதுவாள். பெட்டி மாட்ட வந்தவர் அதன் சர்ட்டிபிகேட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. சொல்லலாமா? 'உனக்கென்ன தெரியும்' என்றுவிட்டால்?

சந்தோஷ்குமார் உள்ளே வந்தான்.

"வாங்க தம்பி, சர்ட்டிபிகேட் சமாச்சாரந்தான் ஓடுது. கேளுங்க."

அவன் வாசலிலேயே நின்றான்.

"நல்லாப் பாத்துட்டேனுங்க," என்றது போன். "யாரும் குடுத்ததில்லை. தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கிட்டது. நம்பவே கூடாது. இன்னைக்கே தூக்கிருங்க."

"அட! ஒரு மாசமா இதை நம்பியா ஆபீசை உட்டுட்டு ஊட்ல இருந்தேன்?"

சந்தோஷ்குமாரின் பார்வை பீரோவுக்குப் போனது. பெட்டியைத்தானே சொல்கிறார்கள், இவன் ஏன் பீரோவைப் பார்க்கிறான்? மதுமதிக்கு விளங்கவில்லை.

"அண்ணா, அது வந்துங்க..." என்று அவனிடம் வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் பீரோவைத் திறந்து, தன் சர்ட்டிபிகேட் ஃபைலை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.