உடைந்துபோன கண்ணாடிக் குச்சி

"ஒரு கண்ணாடிக் குச்சியைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. நீயெல்லாம் என்னத்தைக் குடும்பம் நடத்துற!"

அத்தான் ஆரம்பித்துவிட்டார். வாய் அக்காவைத் திட்ட, கை தன் பாட்டுக்குக் காய்ந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தது.

லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் இதே பல்லவிதான்.

அத்தானுக்குப் போட்டோ என்றால் உயிர். காகிதத்தில் தானே மருந்து பூசி, உலர்த்தி, மேலே நெகடிவை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசுவார். நீலத்தில் உருவம் எழும்பும். மருந்தை ஒரு ஓரமாக ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பு இழுத்தால், பூசியதே தெரியாது. பிரஷ் என்றால் கோடு கோடாகத் திட்டு விழும்.

"கைதவறி விழுந்துடுச்சுங்க. பிரஷ்ல பூசுங்களேன்" என்றாள் அக்கா.

"பிரஷ்ஷா? இதென்ன வெள்ளையடிக்கிற வேலையா?"

அக்கா பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்தேனே!

ஜன்னலை மூடி, மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரஷ்ஷாலேயே பூசினார். வெயிலில் வைத்து எடுத்துத் தட்டுத் தண்ணீரில் போட்டார்.

மெல்ல மெல்ல நீலம் ஊறியது. நடுவில் அக்காவின் முகம். சுற்றிலும் அலை அலையாகக் கோடுகள். பாதித் தூக்கத்தில் பார்ப்பது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கோபமே மறந்துபோச்சு.

"ச்சே, பாழாப்போன பிரஷ்!" என்றார் அத்தான்.

குளிக்கப் போகலாமென்று அலமாரியில் துண்டு எடுத்தேன். அடியில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது.

கண்ணாடிக் குச்சி. ஒரு கீறல்கூட இல்லை!

"அக்கா!"

ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "கத்தாதடி. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருக்கு. குச்சியை இழுக்கும்போது நடுங்கினா நடுவுல விட்டுப்போயிடும். அன்னிக்கு அப்படித்தான் ஆச்சு. காகிதத்தையும் கையையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. அன்னிக்கே குச்சியை ஒளிச்சுட்டு, உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன். பிரஷ்னா யார் பூசினாலும் கோடு விழும். பழி பிரஷ் மேலயே போகட்டும்."

"அதுக்காகத் தினமும் திட்டு வாங்குவியா?"

"திட்டினா திட்டிட்டுப் போறாரு. கை நல்லாத்தான் இருக்குன்னு இன்னும் கொஞ்ச நாள் நினைச்சுக்கட்டுமே."

எனக்கு மனசு ஆறவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியாது. நேரே அத்தானிடம் போனேன்.

"அத்தான், பாவம் அக்கா. அவளைத் திட்டாதீங்க. நானே புதுசா ஒரு குச்சி வாங்கித் தரேன்."

"ஐயையோ, வேண்டாம்மா!" பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "துண்டுக்கு அடியில இருக்கிறதே போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா உங்களுக்கு?"

"இந்த வீட்ல துண்டை மடிச்சு அடுக்குறது யாரு? நான்தானே."

"அப்புறம் ஏன் அவளைத் திட்டுறீங்க?"

ஈரக் கையைப் பார்த்தார். லேசாக நடுங்கியது. பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"நிறுத்தினா, கை நடுங்குறது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் அழுதுகிட்டே இருப்பா."

பிறகு உள்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்:

"ஏய், பிரஷ்ஷை எங்கே வெச்ச? அதையும் உடைச்சாச்சா?"